தண்டனைப் பெட்டிக் கதவு

கதவைத் திறந்தேன். ஜோரி உள்ளே வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான்.

எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் அவனுடைய தண்டனை இரண்டு நிமிடம் இறங்கத் தொடங்கியது.

பக்கத்தில் யாருமே இல்லாதபோது ஐஸ் ஹாக்கி வட்டைத் தடுப்புக் கண்ணாடிக்கு மேலே தூக்கிக் கூட்டத்துக்குள் அடித்திருந்தான். சறுக்கக் கற்றுக்கொள்ளும் பொடிசுகள்கூடச் செய்யாத தப்பு.

"வெர்லா வீட்டுச் சோறு இல்லாம கை நடுங்குதுடா அவனுக்கு!" என்று மேல் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

வெர்லா நான்தான். வெளியூர் அணியில் தப்பு செய்தவர்கள் உட்காரும் தண்டனைப் பெட்டிக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கதவுக்காரி. ஆட்டக்காரர்களோடு பேசக் கூடாது, யாருக்கும் கைதட்டக் கூடாது. இரண்டையும் அதுவரை மீறியதில்லை.

ஆனால் ஜோரி அந்த ஜனவரி வரைக்கும் எங்கள் ஊர் அணிப் பையன். ஜூனியர் லீக்கில் ஆட வருகிற பிள்ளைகள் சீசன் முழுக்க ஊர்க்காரர்கள் வீட்டில்தான் தங்கிச் சாப்பிடுவார்கள். இவன் ஒன்றரை வருஷம் என் வீட்டில் இருந்தான்.

ஜனவரியில் ஒருநாள். அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள் அது. காலையில் எழுந்து பார்த்தால், ரொட்டி மாவு உப்புவதற்காக நான் வெதுவெதுப்பான அடுப்புக்குள் வைத்திருந்த பாத்திரத்தின் மேல் இவனுடைய ஈரக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"நீ இந்த வீட்டை விட்டுப் போனாத்தான்டா எனக்கு நிம்மதி!" என்று கத்திவிட்டுக் கூட்டுறவுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் அவனை வேறு ஊர் அணிக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மூட்டை கட்டச் சொல்லியிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது, ஒருநாளும் போர்வை மடிக்காத பிள்ளை போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அதன்பின் மூன்று தடவை ஃபோனில் பேசினோம். மூன்று தடவையும் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

இதுதான் சீசனின் கடைசி ஆட்டம். பனிப்புயல் வருகிறது, ஆட்டம் முடிந்ததும் வெளியூர்ப் பையன்கள் குளிக்காமல்கூட நேரே பஸ் ஏறுகிறார்கள் என்று நேரம் குறிப்பவர் சொல்லியிருந்தார். ஆக, எனக்கு இருந்தது இந்த இரண்டு நிமிடம்.

பனித்தளத்தைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் பேசினேன்.

"தண்ணி குடி."

சொல்ல நினைத்தது அது இல்லை.

"குடிச்சிட்டேன், வெர்லாம்மா."

"உதடு ஏன் வெடிச்சிருக்கு?"

"குளிருக்கு."

மறுபடியும் குளிர்!

மீதி ஒரு நிமிடம் இருபது நொடி. எங்கள் பையன்கள் ஐந்து பேர், ஜோரி இல்லாமல் அவர்கள் நான்கு பேர். வட்டு அவர்கள் வலையைச் சுற்றியே வந்தது. இந்த நேரத்தில் எங்கள் பையன்கள் கோல் போட்டால் தண்டனை அதோடு முடிந்துவிடும், ஜோரி எழுந்து போய்விடுவான்.

நாங்கள் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்தோம். அறுபது ஆட்டத்தில் பதினொன்றுதான் ஜெயித்த அணிக்கு எந்தக் கோலும் பெரிய கோல். ஊரே எழுந்து நின்று கத்தியது.

கோல் விழக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன். வலையைக் காத்து நின்ற பையன்கூட என் அளவுக்கு வேண்டியிருக்க மாட்டான்.

"ஜோரி, அன்னைக்கு நான்…"

சிவப்பு விளக்கு எரிந்தது. சங்கு ஊதியது. கோல் அடித்தவன் லேன். அவனும் என் வீட்டில் தங்குகிற பையன்தான், காலையில் என் கையால் ஆறு பான்கேக் தின்றுவிட்டு வந்தவன்.

கதவைத் திறந்தேன். ஜோரி போய்விட்டான்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திடீரென்று அரங்கம் அலறியது. வலைக்கு முன்னால் இரண்டு பேர் கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டு, ஒருவன் ஜெர்சியை ஒருவன் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள்.

ஜோரியும் லேனும்.

அடியைப் பார்த்தால் தலையணையைத் தட்டிப் போடுகிற மாதிரி இருந்தது. லேன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை ஜோரியின் தோளில் புதைத்துக்கொண்டான்.

அப்போதெல்லாம் சண்டைக்கு ஐந்து நிமிடத் தண்டனை. யார் கோல் போட்டாலும் ஒரு நொடி குறையாது.

லேன் எங்கள் அணியின் பெட்டிக்குப் போனான். ஜோரி மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உங்க பக்கத்துல வந்து உட்கார எத்தனை கஷ்டம் தெரியுமா? மொத ரெண்டு தடவ அடிச்சது கண்ணாடியில பட்டுத் திரும்பிடுச்சு. மூணாவதுதான் தாண்டிச்சு. அதையும் இந்த லேன் பய கோல் போட்டுக் கெடுத்துட்டான். இப்பச் சொல்லுங்க."

பனித்தளத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

"நீ போனா நிம்மதின்னு சொன்னேனே. நிம்மதியே இல்லடா."

அவன் குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கினான்.

"அங்க வீட்டுக்காரங்க ரொம்ப நல்லவங்க, வெர்லாம்மா. சாப்பாட்டு மேசை மேல கையுறையப் போட்டாலும் சிரிக்கிறாங்க. எட்டு வாரமா என்னை யாருமே திட்டல."

கடிகாரத்தில் நாலு பத்து.

விதியாவது ஒன்றாவது. முகத்தைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தேன்.

"தலையப் பாரு, எலி கடிச்ச கயிறு மாதிரி! சீப்புன்னு ஒண்ண அந்த ஊர்ல விக்கிறதில்லையா?" என்று ஆரம்பித்தேன். அவனுக்குக் காதுவரை சிரிப்பு.

ஐந்து நிமிடமும் தீர்ந்து கடிகாரம் பூஜ்யத்தில் நின்றது. இருவரும் சேர்ந்து அடித்துக்கொண்டு வந்தால், ஆட்டம் நின்று அடுத்த விசில் ஊதும்வரை வெளியே விடக் கூடாது.

விசில் ஊதவில்லை. நானும் திட்டுவதை நிறுத்தவில்லை.