கடையடைப்பு

ஊரில் யார் செத்தாலும், வர்த்தகர் சங்கத் தலைவர் மாசானமுத்து அண்ணாச்சி சொன்னால்தான் கடைவீதியில் ஷட்டர் இறங்கும். முப்பது வருஷமாக அப்படித்தான். அன்று காலை அவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சலூனில் உட்கார்ந்திருந்தபோது, ஷட்டர்கள் வரிசையாக இறங்கும் சத்தம் கேட்டது.

“எவன்யா செத்தது, எனக்குத் தெரியாம?”

சலூன்காரர் போனைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “நீங்கதானாம் அண்ணாச்சி. சங்க குரூப்புல போட்டிருக்காங்க.”

நுரையைக்கூடத் துடைக்காமல் தெருவில் இறங்கி நடந்தார். பூக்கடை பிச்சம்மாள் மட்டும் கடையைத் திறந்து வைத்து மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் செத்த சேதி உனக்கு வரலியா?”

“வந்துச்சு. நீங்க சொல்லாம எப்படி அடைக்க?”

அண்ணாச்சிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“சரி, இப்பச் சொல்றேன். தலைவருக்கு அரைநாள். அடை.”