சிவப்பு மட்டும் வரவில்லை

என் மூஞ்சி பச்சையாக வந்திருந்தது.

லேசான பச்சை இல்லை. வாழை இலைப் பச்சை. கட்டியிருந்த சிவப்புப் புடவை மஞ்சளாகியிருந்தது.

"யாருடா இது, பச்சையம்மனா?" ரத்தினம்மாள் அத்தை பிரிண்டைத் தூக்கிப் பிடித்து அப்பாவிடம் காட்டினாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. நேற்றே போனில் சொல்லிவிட்டு, இன்று சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள், எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு. பையனுக்கு சிங்கப்பூரில் வேலை. நாளைக்கு பிளேன் ஏறுகிறான். போனில் அனுப்பினால் ஆகாதாம், இன்று ராத்திரிக்குள் பிரிண்டு போட்ட போட்டோக்களைப் பார்த்து ஒரு பெண்ணை முடிவு பண்ணிவிட்டுப் போவானாம். கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி.

நான் இப்போதுதான் பிளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கிறேன். காலேஜ் பாரம் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் ஒட்ட ஒரு போட்டோ கேட்டால் அப்பா "பாப்போம், பாப்போம்" என்பார். அத்தை கேட்டதும் உடனே கிளம்பிவிட்டார்.

அப்பாவைத் தாய் மாதிரி வளர்த்தது அத்தைதான். அத்தையிடம் அவர் 'வேணாம்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

கிளம்பியதும் எங்கே? எங்கள் திருப்பாதிரிப்புலியூரிலேயே சீப்பாகப் போட்டோ எடுத்துப் பிரிண்டு போடுகிற இஸ்மாயில் பாய் கடைக்கு. பிரிண்டர் பக்கத்தில் நாலு மை பாட்டில் நிற்கும். அதிலிருந்து நாலு டியூப்பு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி பிரிண்டருக்குள் போகும். இன்று அந்த டியூப்புகள் மேல் பாய் ஒரு துண்டு வேறு போட்டு மூடியிருந்தார்.

"செவப்பு அடைச்சிக்கிச்சுக்கா," என்றார் பாய். "அது வரலன்னா மனுசத் தோலு பச்சையாத்தான் வரும்."

"கம்பெனி மை ஊத்த மாட்டியா?"

"கம்பெனி மை வாங்கணும்னா பிரிண்டர வித்துட்டுத்தான் வாங்கணும்."

"இதுவும் நல்ல மைதான்க்கா," என்றார் அப்பா. "வெல கம்மி."

அது போதும் அவருக்கு. எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு துணி கிளிப் குறைந்தால்கூட விசாரணை நடக்கும். இன்று காலையில் நீலக் கிளிப் ஒன்றைக் காணோம் என்று அம்மா மொட்டை மாடி முழுக்கத் தேடியது அந்தப் பயத்தில்தான்.

பாய் கிளீனிங் பட்டனை அழுத்தினார். பிரிண்டர் முனகியது. டெஸ்ட் பேப்பரில் கறுப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் கோடு கோடாக வந்தது. சிவப்பு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து உள்ளே சொட்டு சொட்டாக விட்டார். டிஷ்யூ பேப்பரால் ஒற்றினார். திரும்ப என் போட்டோவை ஓடவிட்டார்.

இந்தத் தடவை என் பல்லும் பச்சை.

"டேய் சுப்பு, ஸ்டுடியோவுக்குப் போவலாம் வாடா. காசு நான் தரேன்," என்றாள் அத்தை அப்பாவிடம்.

"ஸ்டுடியோக்காரன் பாண்டிக்கு அனுப்பி பிரிண்டு போட்டு நாளைக்குத்தான் தருவான்க்கா," என்றார் அப்பா.

"வேணும்னா கருப்பு வெள்ளையில போட்டுத் தரட்டா?" என்றார் பாய்.

"கருப்பு வெள்ளையா? நான் என்னா கண்ணீர் அஞ்சலிக்கா கொண்டு போறேன்?"

எனக்குக் கல்யாணம் வேண்டாம்தான். அதற்காக இந்த மூஞ்சியோடு சிதம்பரத்தைச் சுற்றி வரவும் இஷ்டமில்லை. இன்னொன்றும் உறைத்தது. ஒரு போட்டோவுக்கே இவ்வளவு கஞ்சத்தனம் என்றால், இவரா என்னைக் காலேஜுக்கு அனுப்பப்போகிறார்?

அத்தை முந்தானையை உதறி இடுப்பில் சொருகினாள்.

"கஞ்சப்பயலே! சிங்கப்பூர் மாப்பிள்ளடா. அவுங்க கையில ஏற்கெனவே நாலு பொண்ணுங்க போட்டோ இருக்கு. எல்லாம் மனுசக் கலர்ல இருக்கு. இதக் காட்டுனா பையன் இன்னிக்கே பிளேன் ஏறிடுவான்."

"என் புத்தி அப்புடிக்கா," என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"உன்ன வளத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

பச்சைப் போட்டோக்களை மேஜை மேல் விசிறிவிட்டு அத்தை இறங்கினாள். அப்பா பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். சிதம்பரம் பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பி வந்தார்.

நான் விடவில்லை.

"அப்பா, காலேஜ் பாரத்துலயும் இந்தப் பச்ச மூஞ்சியத்தான் ஒட்டணுமா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தார்.

"பஸ்ஸு கெளம்பிடுச்சு பாய்."

பாய் துண்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். கிளீனிங் ஒரு தடவை விட்டார். அப்புறம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள் வரிசையாக வந்தன. எல்லாம் நான்தான். மூக்கில் இருந்த பரு உட்படச் சிவப்பாக.

"அடைப்பு எப்புடிப் போச்சு?"

"அடைப்பே இல்லம்மா," பாய் சிரித்தார். "ஒங்கப்பா காலையிலயே வந்து செவப்பு டியூப்ப இறுக்கிப் புடிக்கிற மாதிரி ஒண்ண மாட்டிட்டுப் போனாரு."

நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். எங்கள் வீட்டு நீலக் கிளிப்.

"அக்காகிட்ட 'வேணாம்'னு சொல்ல எனக்கு வாய் வராது பாப்பா," என்று அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் அப்பா. "அதான், இத வுட்டு சொல்ல வெச்சேன்."