வடிகட்டினால் எது மிச்சம்?

“வடிகட்டுன்னு பேர் வெச்சவருக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா, இல்லையா?”

மொட்டை மாடியிலிருந்து தமிழ்நிலாவின் குரல் இறங்கி வந்ததும், கீழே கூடத்தில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். பெண் பார்க்க வந்த சித்தார்த்தனோடு தனியாகப் பேசட்டும் என்று அவளை மேலே அனுப்பிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை.

“பேர் வெச்சது நான்தாங்க. அதுல என்ன தப்பு?” சித்தார்த்தனின் குரலும் சூடாகத்தான் இருந்தது.

அவன் செய்யும் வேலை அப்படி. பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே புரோகிராம் எழுத ஒரு கணினி மொழி தயாராகிறது என்று சற்று முன்புதான் காபி குடித்தபடி எல்லாருக்கும் விளக்கியிருந்தான். நூறு பேருடைய மார்க்கை வரிசையாகப் போட்டு வைத்தால், அதில் வேண்டியதை மட்டும் பிரித்துத் தருகிற கட்டளைக்கு ‘வடிகட்டு’ என்று பெயராம். பெண்ணுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான், பொருத்தம் பிரமாதம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் ஒரு பதற்றம். “ஐயையோ, சக்கரை போட்ட காபியை எம் பையன் வாயில வைக்க மாட்டானே, சொல்ல மறந்துட்டேன்” என்றாள். அவன் அதற்குள் தம்ளரைக் காலி செய்துவிட்டு மாடிப்படி ஏறியிருந்தான்.

இப்போது மாடியில் சத்தம் கூடியது.

“சோத்தை வடிச்சா சோறு நமக்கு, கஞ்சி வெளிய போயிடும். டீயை வடிச்சா டீ நமக்கு, தூளு வெளிய போயிடும். ‘முப்பத்தஞ்சுக்குக் கீழ வடிகட்டு’ன்னு எழுதுற பொண்ணுக்கு பாஸானவங்க வருவாங்களா, ஃபெயிலானவங்க வருவாங்களா?”

“ரெண்டு தடவை போட்டுப் பாத்தா புரிஞ்சிடும்.”

“எதுக்கு ரெண்டு தடவை? ‘பொறுக்கு’ன்னு ஒண்ணு, ‘ஒதுக்கு’ன்னு ஒண்ணு. பேரைப் படிச்சதுமே புரியணும். கத்துக்க வர்ற பிள்ளையை முட்டாளாக்குறதுக்கா மொழி பண்றீங்க?”

கூடத்தில் தமிழ்நிலாவின் பெரியப்பா பக்தவச்சலம் கேசரித் தட்டை நங்கென்று தரையில் வைத்தார். அவர் வார்த்தையை மீறி அந்தக் குடும்பத்தில் எதுவும் நடக்காது. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட தன் மூத்த மகளையே இன்றுவரை வாசற்படி மிதிக்க விடாத மனிதர் அவர்.

“ஏம்பா கலியபெருமாளு, தரகரைப் புடிச்சி நீ கொண்டாந்த இடம் எப்படி இருக்குது பாத்தியா? இது தட்டிப்போச்சின்னா, பெருமுக்கல் பையனுக்கு இன்னிக்கே தட்டு மாத்திடுவேன், சொல்லிட்டேன்.”

பெரியப்பா பார்த்து வைத்திருந்த அந்தப் பெருமுக்கல் ஊர்ப் பையன், கட்டிக்கொண்டு வருகிறவள் வேலையை விட்டுவிட வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லி அனுப்பியவன். தமிழ்நிலாவுக்கு அவன் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அது தெரிந்தும் இந்தப் பெண் இப்படிக் கத்தினால் யார்தான் காப்பாற்ற முடியும்?

உப்பளத்தில் ஆட்களை அதட்டியே பழகிய அவளுடைய அப்பா கலியபெருமாள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சரி, பிரிச்சி எடுத்தாச்சி. மிச்சம் எங்க?” மேலே தமிழ்நிலா விடுவதாக இல்லை.

“அழிஞ்சிடும். அந்த வரிசையிலயே மாத்திடுறோம். ஸ்கூல்ல இருக்கிறதெல்லாம் ஓட்டைக் கம்ப்யூட்டர், இடம் பத்தாது.”

“அழிஞ்சிடுமா? நல்ல உப்பைத் தனியா வாரினா, மிச்ச உப்பைக் கடல்லயா கொண்டுபோய்க் கொட்டுவாங்க? தோ தெரியுது பாரு எங்கப்பா உப்பளம், அங்க போயி இதைச் சொல்லு. உப்பு வாருற பலகையாலயே அடிப்பாரு உன்னை!”

“நீ மட்டும் பெரிய இவளா? சும்மா கத்தாதே!”

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். “பாக்க வந்த இடத்துலயே வாடா போடாவுக்கு வந்துடுவாங்க போலிருக்குது. நாங்க கெளம்புறோங்க.”

“கெளம்புங்கம்மா, தப்பே இல்ல. நானே பெருமுக்கல்லுக்குப் போன் போடுறேன்” என்று பெரியப்பா சட்டைப்பையில் கையை விட்டார்.

“அண்ணே, ஒரு நிமிஷம்!” கலியபெருமாள் துள்ளி எழுந்தார். “நீங்களும் உக்காருங்கம்மா. ரெண்டு பேரையும் என்னான்னு கேட்டுட்டு வர்றேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் படியேறிய வேகத்தைப் பார்த்து, “ஐயோ, வீட்டுக்கு வந்த புள்ளைமேல கையை வெச்சிடாதீங்க!” என்று அவர் மனைவி ஞானாம்பாள் பின்னாலிருந்து அலறினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாடியில் உப்புக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் விரலை நீட்டியபடி நின்றிருந்தார்கள். கலியபெருமாளைப் பார்த்ததும் இரண்டு விரல்களும் மடங்கின.

“என்னா சத்தம் இங்க?” என்று கீழே கேட்கும்படி ஓர் அதட்டல் போட்டார். அப்புறம் மாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

குரலை அடக்கிக்கொண்டு சீறினார்:

“பெரியப்பா கெளம்புற வரைக்கும், இன்னிக்குத்தான் மொத மொதல்ல பாக்குற மாதிரி நடிங்கன்னுதானே சொன்னேன்?”