தொட்டிலுக்கு மேலே ஒரு பாட்டில்

பத்துப் பேர் நடுவில் நின்று "சரிபார்த்துவிட்டேன்" என்று நீங்கள் சொன்னவற்றில், எத்தனையை உண்மையாகவே சரிபார்த்திருக்கிறீர்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

எல் போல்சோன் ஊரின் தபால்காரன் எலிசெயோ, அன்று மதியம் மலைப்பக்கத் தபாலை முடித்து வீடு திரும்பியபோது, கொட்டகைச் சுவரில் கண்ணாடிச் சில்லுகள் குத்திக்கொண்டு நின்றன. வாழ்வில் முதன்முதலாக அவன் காய்ச்சிய பீர். அதில் ஒரு பாட்டில் தானாகவே வெடித்திருந்தது.

பீரில் மிச்சமுள்ள சர்க்கரையை அளக்கும் அடர்த்திமானியை எடுத்து வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டான். ஆயிரத்தில் நிற்க வேண்டிய கண்ணாடிக் குழல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டில் நின்றது. கருவியில் எட்டுப் புள்ளி பிழை; எப்போதும் குறைத்தே காட்டியிருக்கிறது.

அப்படியானால் நொதித்து முடிந்ததென்று அவன் மூடி போட்ட பீரில் இன்னும் சர்க்கரை மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது.

பீர் காய்ச்சுவோர் சங்கத்தில், பல வருடம் காய்ச்சிப் பழகிய சுலேமா எல்லார் முன்னிலையிலும் கேட்டிருந்தாள்.

"கருவியை மொதல்ல தண்ணில விட்டுப் பார்த்தியா?"

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. தபால்காரனுக்கு நம்பர் படிக்கத் தெரியாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.

அந்தப் பெருமையோடுதான் பன்னிரண்டு வீடுகளுக்குத் தலா ஒரு பாட்டில் கொடுத்திருந்தான். இப்போதோ குளிர்காலம். எல்லா வீட்டிலும் விறகடுப்பு எரிகிறது. வெப்பம் பட்டால் இன்னும் வேகமாகப் பொங்கும்.

கொட்டகையைப் பூட்டிவிட்டு ஓடினான். முதல் வீடு ரொட்டிக்கடை நில்டாவுடையது.

"நில்டா, நான் குடுத்த பாட்டில் எங்க?"

"காலைலயே சுலேமா வாங்கிட்டுப் போயிட்டாளே! நாய் மூத்திரம் மாதிரி இருக்கு, வாயில வைக்காதேன்னா."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டில் சிரிப்பு வேறு. "ஏம்ப்பா, தபாலை மட்டும் குடு, போதும்!"

பயத்தின் மேல் ஆத்திரமும் ஏறியது. ஊரெல்லாம் சுற்றித் தன் பெயரைக் கெடுத்திருக்கிறாள்! அடுத்த நொடியே உறைத்தது. அத்தனை பாட்டிலும் இப்போது ஒரே வீட்டிலா?

சுலேமாவின் கொல்லைக்குப் பாய்ந்தான். அவள் தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், கையில் தடித்த தோல் உறை. அவள் ஒரு மூடியைத் தளர்த்தியதும் நுரை வேலிக்கு மேலே சீறியது.

"அங்கயே நில்லு! கிட்ட வராதே!"

"என் மானத்தை வாங்கத்தான் வீடு வீடா ஏறினியா?"

அவள் ஓர் உறையைக் கழற்றினாள். உள்ளங்கையில் சுற்றிய துணிக்கட்டு ரத்தத்தில் ஊறியிருந்தது.

"நீ எனக்குக் குடுத்தது காலைல என் கையிலயே வெடிச்சுது. உன் வீட்டுக்கும் வந்தேன். நீ மலைக்குப் போயிட்டே."

கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி எலிசெயோ கேட்டான். "உண்மையைச் சொல்லியிருக்கலாமே, சுலேமா?"

"சொன்னா என்ன ஆகும்? வீட்டுக்கு வீடு வெடிகுண்டு குடுத்தவன்னு சாகிற வரைக்கும் சொல்லுவாங்க. ருசி நல்லா இல்லைன்னா நாலு நாள் கிண்டல் பண்ணிட்டு மறந்துடுவாங்க. மறுபடி காய்ச்சவும் உனக்குத் தைரியம் இருக்கும்."

அவன் தலை குனிந்தான். "எல்லாம் வந்துடுச்சா?"

"என்னோடது போச்சு. பத்து இங்க இருக்கு." ஹெல்மெட்டைக் கழற்றினாள். அந்த முகத்தில் அவன் அதுவரை பயத்தைப் பார்த்ததே இல்லை. "ஃபெர்மின் மட்டும் தரல. இப்பத்தான் அங்கிருந்து வர்றேன்."

ஃபெர்மின் அவனுடைய உயிர் நண்பன். அவன் வீட்டில் நாற்பது நாள் குழந்தை.

"பாட்டிலை எங்க வச்சிருக்கான்?"

"அடுப்புப் பக்கத்துப் பலகைல. அதுக்குக் கீழதான் தொட்டில்."

"அவன்கிட்டயுமா ருசி நல்லா இல்லைன்னு சொன்னே?"

"இல்லய்யா! தொட்டிலைப் பார்த்ததும் அவன்கிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் கருவியைச் சரிபார்க்கவே இல்ல போல, பாட்டில் வெடிச்சுடும்னேன். 'எலிசெயோ பொய் சொல்ல மாட்டான், பொறாமையில நீதான் சொல்றே'ன்னு கதவைச் சாத்திட்டான். நீ சொன்னாத்தான் நம்புவானாம். போய், சரிபார்க்கலன்னு உன் வாயால ஒத்துக்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கு. இப்பவே ஓடு!"