வேறொருவர்

2023 ஜனவரி 3, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடம். கரூர் வெங்கமேட்டில், ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில், அவளுடைய கைப்பேசி நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய் காட்டியது.

ஐந்நூறு சேர்ந்தால்தான் எடுக்க முடியும்.

எடுத்தால், மாலை ஐந்து மணிக்குள் பன்னிரண்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பித்துவிடலாம். இன்று கடைசி நாள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு தவறிய ஒரே பாடம், பொருளியல்.

அந்தத் தொகை ஐந்து மாத உழைப்பு. பற்பசையின் மணம் பிடித்திருக்கிறதா, தேயிலை விளம்பரத்தில் வரும் மாமியாரை நம்புகிறீர்களா என்று கைப்பேசியில் ஒரு கருத்தாய்வுச் செயலியில் கேட்பார்கள். உள்ளதைச் சொல்வாள். மூன்று ரூபாய் ஏறும். சில நாள் நான்கு.

மேல்வீட்டு மயிலாத்தாளுக்கு இதில் நம்பிக்கை இல்லை.

“ஏம்புள்ள, நெசமாலுமே காசு குடுப்பாங்களா?”

“இதுவரைக்கும் எங்கிட்டக் காசு கேக்கலீங்கக்கா.”

“கேக்கறவனக்கூட நம்பிப்போடலாம். குடுக்கறேங்கறவன எப்படிப் புள்ள நம்பறது?”

அவள் அடுத்த கேள்வியைத் தொட்டாள்.

கூடுதலாகத் தரும் ஆய்வுகளின் வாசலில் ஒரு கேள்வி நிற்கும்.

உங்கள் வீட்டில் பொருள் வாங்குவது குறித்து முடிவு எடுப்பவர் யார்?

நான். வேறொருவர்.

அவள் வேறொருவரைத் தொடுவாள். இந்த ஆய்வுக்கு நீங்கள் பொருந்தவில்லை, நன்றி என்று பக்கம் மூடிக்கொள்ளும். பத்தொன்பது முறை மூடியிருக்கிறது.

வேறொருவரின் பெயர் லோகநாதன். அவளுடைய கணவர். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். குடிப்பவர் அல்லர், கை நீட்டியவரும் அல்லர். அவள் எதைச் சொன்னாலும் ஒன்றைத்தான் கேட்பார்.

“உன்னய ஆரு கேட்டா?”

கோபத்தில் அன்று. ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறியை நிறுத்துவதுபோல.

தேர்வு எழுதவா என்றபோதும் அதையேதான் கேட்டார். மயிலாத்தாளிடம் கைமாற்று வாங்கினால், பொழுது சாய்வதற்குள் அது அவர் காதுக்குப் போய்விடும்.

இன்றைய ஆய்வு வாஷிங் மெஷின் பற்றியது. பன்னிரண்டு ரூபாய்.

வாசலில் அதே கேள்வி.

விரல் சற்று நேரம் காற்றில் நின்றது.

நான்.

பக்கம் திறந்தது.

எத்தனை கிலோ துணி பிடிக்க வேண்டும்? எந்த நிறம்? மூடி மேலேயா, முன்னாலேயா? வீட்டில் எங்கே வைப்பீர்கள்?

பின்வாசல் குழாயடியை எட்டிப் பார்த்தாள். ஊறிக்கொண்டிருந்த வாளியை மனத்தால் நகர்த்தினாள். இடம் இருந்தது.

நாற்பது கேள்விகள். ஒன்றில்கூட அவள் தயங்கவில்லை. அது அவளுக்கே வியப்பாக இருந்தது.

கடைசியில் ஒரு பெரிய கட்டம். முடிவு எடுக்கும்போது நீங்கள் எதை முக்கியமாகக் கருதுகிறீர்கள்? உங்கள் சொற்களில் எழுதுக.

அவ்வளவு இடத்தை அவளுக்கு யாரும் விட்டதில்லை.

நான்கு வரி எழுதினாள். விட்டுப்போன ஒற்று ஒன்றைச் சேர்த்தாள். மீண்டும் ஒரு முறை படித்துவிட்டு அனுப்பினாள்.

சிறு வட்டம் சுழன்றது.

உங்கள் விடை, உங்கள் முந்தைய விடைகளுடன் முரண்படுகிறது. விதி 14இன்படி உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.

விதிகளைத் திறந்து பார்த்தாள். பதினான்காவது விதி இருந்தது. ஆகஸ்டு மாதத்தில், ஏற்றுக்கொள்கிறேன் என்று அவள்தான் தொட்டிருந்தாள். வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.

யாரும் ஏமாற்றவில்லை.

ஒரு மணிக்கு லோகநாதன் சாப்பிட வந்தார். அவள் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள்.

“என்ன இது, கொழம்பு ஆறிக் கெடக்குது? போனையே பாத்துட்டு இருந்தியா?”

“கருத்துக் கேட்டாங்க.”

“ஆரு, உன்னயவா?”

சிரித்தார். நல்ல சிரிப்பு. புரை ஏறியது. அவள் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

இன்னிக்குத்தான் கடைசி நாளுங்க என்று ஒரு வாக்கியம் அவளிடம் முழுதாக இருந்தது.

“ரசம் ஊத்து” என்றார்.

ஊற்றினாள்.

அவர் பட்டறைக்குத் திரும்பியபின் கைப்பேசியைப் பார்த்தாள். கணக்கை மீட்க விரும்பினால் விளக்கம் அளிக்கலாம் என்று இருந்தது. ஏழு வேலை நாள்களில் பரிசீலிப்பார்களாம். கீழே அதே கேள்வி. அதே இரண்டு விடைகள்.

அவள் வாளியில் ஊறிய துணிகளைத் துவைத்தாள். உதறிக் காயப்போட்டாள்.

மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் பெறுவது முடிந்தது. அவள் விண்ணப்பிக்கவில்லை.

ஐந்து பத்துக்கு, ‘வேறொருவர்’ என்பதைத் தொட்டு அனுப்பினாள்.

முந்தைய பத்தொன்பது விடைகளே சரியானவை என்று அவள் கையாலேயே முடிவாயிற்று.