காலைக் கொடுத்த குதிரை

மலைச்சாலையில் வண்டி இழுக்கும் குதிரைக்கு லாடம் அடிப்பதா, வெறுங்காலோடு விடுவதா என்று பேச்சு வந்தது. “அது காலைக் கொடுத்தா அடி, உதைச்சா விட்டுடு,” என்று லாடக்காரரிடம் சொல்லிவிட்டார் வண்டிக்காரர்.

குதிரை பக்கத்தில் கட்டியிருந்த கழுதையிடம் கேட்டது.

“சரளைக்கல் குத்தி உயிர் போகுது. லாடம் அடிச்சுக்கட்டுமா?”

“வேண்டாம்டா. எனக்கும்தான் குத்துது. நொண்டுனா அன்னைக்குச் சுமை ஏத்த மாட்டாங்க. நமக்குக் கிடைக்கிற ஒரே லீவு அதுதான்.”

சோம்பேறிப் பேச்சு என்று நினைத்த குதிரை காலைக் கொடுத்தது.

அதற்கப்புறம் கல் குத்தவில்லை. வண்டிக்காரருக்கு ஒரே சந்தோஷம். ஒரு நடை போன இடத்தில் மூன்று நடை போனார். மழைக்காலம் வருவதற்குள் குதிரையின் முழங்கால்கள் வீங்கிவிட்டன.

“கழட்டச் சொல்லி உதையேன்,” என்றது கழுதை.

“குளம்பெல்லாம் ஆணி ஓட்டை. இனிமே வெறுங்காலோட நடக்கவே முடியாது.”



லாடம் தேய்ந்துபோனதும் லாடக்காரர் மறுபடி வந்தார். அவர் பெட்டியைத் திறப்பதற்குள் குதிரை தானாகவே காலைத் தூக்கிக் காட்டியது.

“எவ்வளவு புத்திசாலி பாரு!” என்று வண்டிக்காரர் அதன் கழுத்தில் தட்டிக்கொடுத்தார்.