மணி ஆறு, டிவியில் ஏழு

"போச்சு லாமர், எல்லாம் போச்சு! ஓட்டுப்பதிவு முடிஞ்சிடுச்சாம்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள் எர்லின். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம்.

காகித ஆலையிலிருந்து மழையில் நனைந்து வந்த அவள் புருஷன் லாமர் டிவியைப் பார்த்தார். ஃப்ளோரிடா முழுக்க வாக்குப்பதிவு முடிந்தது என்று கோட்டுப் போட்டவர் அடித்துச் சொன்னார். அவர் இருக்கும் கிழக்குப் பக்கம் மணி ஏழு. மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் இந்த ஊருக்கு மணி ஆறுதான், ஓட்டுப் போட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இப்படி ஒரு மூலை இருப்பதே டிவிக்காரர்களுக்கு ஞாபகம் இல்லை.

எர்லினுக்கு இருந்தது. தன் கட்சிக்குக் காலையிலேயே போட்டுவிட்டு வந்தவள் அவள். மற்ற கட்சிக்காரரான புருஷனை இந்த ஒரு மணி நேரம் வீட்டோடு வைத்திருந்தால் போதும்.

பக்கத்து மாநிலமான அலபாமாவில் என்றால் யார் போட்டாலும் முடிவு ஒன்றுதான். வேட்பாளர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இங்கேயோ இழுபறி. தன் கட்சிக்கு விழப்போவது தன் ஓட்டு, தம்பி டூயி வீட்டு ஆறு ஓட்டு என்று ஒரு வாரமாக விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அட, முடிஞ்சிடுச்சா? சரி, மீனைப் பொரி" என்று உட்கார்ந்துவிட்டார் லாமர். சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஏமாறுவார் என்று அவளே நினைக்கவில்லை.

மீன் பொரியும்போது போன் அடித்தது. லாமர் எடுத்தார்.

"ஆமாப்பா, டிவியில அப்படித்தான் சொல்றான். இரு, எர்லினையே கேக்கறேன்." ரிசீவரை அடுப்படிப் பக்கம் நீட்டினார். "ஓட்டு முடிஞ்சது நிச்சயந்தானா?"

ஆலைக்காரன் எவனாவது இருக்கும். அவனும் போகாவிட்டால் இன்னும் லாபம்!

"சத்தியமா முடிஞ்சிடுச்சு! யாரும் போய் மழையில நனைய வேணாம்!"

கடிகாரம் ஏழு அடித்ததும் எர்லின் கரண்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள். "ஏமாந்தியா! நம்ம ஊருல இப்பத்தான் முடியுது. நான் காலையிலேயே போட்டுட்டேன்!"

"நான் மத்தியானமே போட்டுட்டேன்." லாமர் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

எர்லின் முகம் தொங்கிப்போனது. "அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் வாயைத் திறக்காம உக்காந்திருந்தே?"

"நான் எதுக்குத் திறக்கணும்? அதான் போன்ல உன் தம்பிகிட்ட நீயே சொல்லிட்டியே."